பள்ளிவாசல் கடிகாரத்தின் மூல நிரல்

என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர் வளைகுடாவை விட்டு நிரந்தரமாகத் திரும்பியபோது, எல்லாரையும்போல் தைலமும் போர்வையும் கொண்டுவந்தார். கூடவே ஒரு கொள்கையையும் கொண்டுவந்தார். அங்கே ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவர். மென்பொருள் என்றால் அதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். பூட்டி வைத்து விற்பது தப்பு. இதுதான் அவர் கட்சி. முத்துப்பேட்டையில் இறங்கிய வாரமே கட்சி வேலையைத் தொடங்கிவிட்டார்.

நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் இருக்கிறேன். முன்பு நிருபர், இப்போது செய்தி மேசை. அவருடைய பரப்புரையை நான் செய்தியாக்கவில்லை என்பது மட்டும்தான் மச்சானுக்கு என்மேல் இருந்த குறை.

"மாப்ளே, ஐஸ் கம்பெனி பில் எல்லாம் இப்ப லினக்ஸ்ல ஓடுது. லைசென்ஸ் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இது செய்தி இல்லையா?"

"ஐஸ் உருகாம இருந்தா செய்தி, மச்சான்."

லாத்தா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "நேத்து மீன்காரர்கிட்ட ஒரு பென் டிரைவ் குடுத்து அனுப்பியிருக்காரு, தம்பி. அவர்கிட்ட கம்ப்யூட்டரே இல்ல. வாங்கி மடியில கட்டிக்கிட்டுப் போறாரு பாவம்."

அவருடைய முறையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சட்டைப் பையில் பேனா இருக்காது, பென் டிரைவ் இருக்கும். ஏதாவது கடைக்குள் போவார். அங்கே கம்ப்யூட்டர் திறக்க நேரமெடுத்தால், நோயாளியைப் பார்க்க வந்த உறவுக்காரர்போல் பெருமூச்சு விடுவார். கடைக்காரர் என்ன என்று கேட்டால் போதும். ஐஸ் கம்பெனி மாறியது அப்படித்தான். இரண்டு டி.டி.பி. கடைகளும் மாறின. அதில் ஒன்று கல்யாண சீசனில் பழையபடியே போய்விட்டது. பத்திரிகை டிசைன்கள் திறக்கவில்லை என்று கடைக்காரர் இவரைப் பார்த்தாலே ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். வெற்றியைச் சொல்லும்போது மச்சான் அந்தக் கடையையும் சேர்த்தே சொல்வார். "ஒண்ணு போயிடுச்சு" என்பார். அவரை எனக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது கடைகள் அல்ல. ஜமாத் நடத்தும் பெண்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை.

அந்த அறை பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்த கம்ப்யூட்டர்கள் கெட்டுப்போகவில்லை. பழசாகிவிட்டன, அவ்வளவுதான். அவற்றில் இருந்த மென்பொருளின் புதிய பதிப்பு அவற்றில் ஏறாது. பழைய பதிப்பைப் பராமரிப்பதை விற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் கரும்பலகையில் நிரல் எழுதி, அது ஓடினால் என்ன வரும் என்பதையும் தானே பக்கத்தில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்துப் பெண். அவர் அப்பா அம்மா அடுத்தவர்களுடைய வயலில் நடவும் அறுப்பும் செய்தவர்கள்; இப்போது குத்தகைக்குச் சொந்தமாகப் பயிர் வைக்கிறார்கள். முத்துப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை ஊருக்குப் போய்வருவார். பழைய மெஷின்களில் லினக்ஸ் நன்றாக ஓடும் என்று மச்சானும் டீச்சரும் சேர்ந்து மனு கொடுத்திருந்தார்கள். ஜமாத் பொருளாளர் வேறு மாதிரி நினைத்தார். எல்லாவற்றையும் காயலாங்கடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது என்று. ஆனால் அதற்கு நன்கொடையாளர் யாரும் இன்னும் வாய்க்கவில்லை. வாய்க்கும்வரை அறை பூட்டியே இருக்கும்.

பொருளாளர் மரவாடி வைத்திருப்பவர்; வயதில் மூத்தவர் என்பதால் எங்களுக்குக் காக்கா, அதாவது அண்ணன். மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற பழக்கம் மனிதர்களிடமும் உண்டு. மச்சானைக் கேட்டார்:

"தம்பி, நாளைக்கு இது நின்னு போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான் இருக்கேன் காக்கா."

"நீங்க மறுபடி சபர் போயிட்டா?"

பிழைக்க வெளிநாடு போவதைத்தான் எங்கள் ஊரில் சபர் என்போம். அறையின் பூட்டு அப்படியே இருந்தது.

அந்த நிலையில்தான் பள்ளிவாசல் கடிகாரம் பழுதானது. தொழுகை நேரங்களைச் சிவப்பு எழுத்தில் காட்டும் மின்னணுப் பெட்டி அது. வெளியூரில் ஒரு கம்பெனி செய்தது. கம்பெனி மூடிப்போய்விட்டது. பெட்டியின் உள்ளே நேரங்களை மாற்ற வழியில்லை. திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று பின்னால் ஒட்டியிருந்தது. உத்தரவாதம் தர வேண்டிய கம்பெனியே போய்விட்டதை ஸ்டிக்கருக்கு யாரும் சொல்லவில்லை. நோன்பு மாதம் வந்துகொண்டிருந்தது. மச்சான் உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் ஒன்றையும், எங்கள் வீட்டில் சும்மா கிடந்த டிவியையும் தூக்கிக்கொண்டு போனார். ஊரின் அட்சரேகை தீர்க்கரேகை கொடுத்தால் சூரியனைக் கணக்கிட்டுத் தொழுகை நேரங்களைக் காட்டும் கட்டற்ற நிரல் ஒன்று இருந்தது. எந்த நாட்டிலோ இருக்கும் ஒருவர் எழுதி, எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தார்.

சோதனை ஓட்டத்தின் முதல் நாள் நான் ஊரில் இருந்தேன். நண்பகல் லுஹர் தொழுகை நேரம் சரியாக வந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு மோதினார் பாங்கு சொல்ல மைக்கின் முன் நின்றார். டிவியோ அஸருக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கிறது என்றது. மோதினார் ஒரு முறை டிவியைப் பார்த்தார், ஒரு முறை மச்சானைப் பார்த்தார், பாங்கு சொல்லிவிட்டார். தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போதும் டிவி காத்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு இன்னும் நேரம் ஆகலையாம்" என்றார் ஒருவர்.

"நாம தொழுதது கடமையா, நஃபிலான்னு அதுகிட்டயே கேட்டுக்குங்க" என்றார் இன்னொருவர். நஃபில் என்பது கடமையில் சேராத உபரித் தொழுகை.

இமாமை ஊரில் ஹஜரத் என்போம். அவர்தான் முதலில் புரிந்துகொண்டு சிரித்தார். "உங்க பெட்டி ஹனஃபி, தம்பி. நாங்க ஷாஃபி."

விஷயம் இதுதான். மார்க்கச் சட்டத்தில் மத்ஹபு என்னும் வழிகள் உண்டு. பிற்பகலில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவு நீண்டதும் அஸர் என்பது ஷாஃபி வழி. இரண்டு மடங்கு நீள வேண்டும் என்பது ஹனஃபி வழி. கடற்கரை ஊர்களில் நாங்கள் பெரும்பாலும் ஷாஃபி. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஹனஃபி அதிகம். நிரலை எழுதியவர் தன் ஊர் வழக்கத்தை முதல் ஏற்பாடாக வைத்திருக்கிறார். மச்சான், எங்கள் சொந்தக்காரர், ஷாஃபி வீட்டில் பிறந்தவர், அதை மாற்ற மறந்திருக்கிறார்.

"மெஷினுக்கும் மத்ஹபா!" என்றார் பொருளாளர். குரலில் கேலி இருந்தது. ஆனால் மச்சான் அங்கேயே நின்று அதை மாற்றி, டிவியில் அஸர் ஒரு மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "பழைய பெட்டியில இதைச் செய்ய முடியாதே" என்று தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த சிக்கல் அவ்வளவு எளிதாக இல்லை. எங்கள் ஊரில் சூரியன் மறைந்த நொடியில் நோன்பு திறப்பதில்லை. பேணுதலுக்காக மூன்று நிமிடம் விட்டுத்தான் சைரன் ஊதும். அதேபோல் விடிகாலைச் சாப்பாட்டை நிறுத்தும் நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொள்வோம். ஆக, மாலையில் கூட்ட வேண்டும். விடிகாலையில் கழிக்க வேண்டும். நிரலிலோ எல்லா நேரத்துக்கும் சேர்த்து ஒரே அளவாகத்தான் கூட்டவோ கழிக்கவோ முடியும். தனித்தனியாக மாற்ற இடமில்லை.

"இடம் இல்லன்னா நாமளே வைக்கலாம். சோர்ஸ் கோடு திறந்துதானே கிடக்கு" என்றார் மச்சான்.

வைத்தது டீச்சர். மச்சானுக்குக் கொள்கை தெரிந்த அளவுக்கு நிரல் எழுத வராது. அதை அவரே சொல்வார். டீச்சர் அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு நேரத்துக்கும் தனி அளவு வைக்க வழிசெய்தார். பள்ளிவாசல் டிவியில் அது சரியாக ஓடியது. மச்சான் பொருளாளரிடம் ஓடினார்.

பொருளாளர் ஒரு கேள்வி கேட்டார். "இது உங்க பெட்டியில மட்டும் மாத்துனதா, இல்ல அந்த மூலத்துலயே மாறிடுச்சா?"

"நம்ம பெட்டியில."

"நாளைக்கு அவரு புதுசு அனுப்புனா?"

"நம்ம மாற்றத்தை மறுபடி வைக்கணும்."

"யாரு வைப்பா?" மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டார். பிறகு, மரத்துக்கு விலை சொல்வதுபோல் சொன்னார். "நோன்புப் பிறை தெரியிறதுக்குள்ள அது மூலத்துலயே ஏறட்டும். ஏறிடுச்சுன்னா லேப் சாவி உங்ககிட்ட. இல்லன்னா எல்லாம் காயலாங்கடைக்கு. பேச்சு அவ்வளவுதான்."

மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுமாறு மச்சான் நிரலின் சொந்தக்காரருக்கு அனுப்பினார். இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. சூரியன் மறையும் நேரம் கணக்கில் வருவது. அதைக் கூட்டிக் குறைக்க இடம் கொடுத்தால் பயன்படுத்துபவர்கள் குழம்புவார்கள். மன்னிக்கவும், சேர்க்க இயலாது.

நான் அந்த வாரம் லீவு போட்டுப் போனபோது, பட்டுக்கோட்டை தாண்டிச் சாலையில் பாதியை நெல் பிடித்திருந்தது. சம்பா அறுப்பு முடிந்து காயவைத்திருந்தார்கள். பஸ் மீதிப் பாதியில் ஊர்ந்தது. வீட்டுக்குப் போனால் மச்சான் அதைவிட மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா இப்படித்தான்" என்றாள் லாத்தா. "யாரோ முகம் தெரியாத ஆளு வேணாம்னு சொல்லிட்டாராம். எங்க வாப்பா இவருக்குப் பொண்ணு தர மாட்டேன்னு சொன்னப்பகூட இவரு நல்லாத்தான் சாப்பிட்டாரு."

அஸர் தொழுதபின் பள்ளிவாசலின் பக்கத்து அறையில் கூடினோம். நோன்புக் கஞ்சிக்கு வந்த அரிசி மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. பொருளாளர் ஒரு மூட்டைமேல் சாய்ந்திருந்தார். ஹஜரத், மச்சான், நான், ஸ்கூல் முடிந்து வந்த டீச்சர். மச்சான் பதிலை வாசித்துக் காட்டிவிட்டு, இதற்கும் வழி இருக்கிறது என்றார்.

"அவரு ஒத்துக்கலைன்னா நாம பிரிச்சுக்கலாம், காக்கா. இதுல அந்த உரிமை உண்டு. முழுசையும் அப்படியே நகல் எடுத்து, நம்ம பேர்ல தனியா நடத்தலாம். யாரும் கேக்க முடியாது."

பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தனி ஜமாத்துங்கிறீங்க."

"அப்படி இல்ல காக்கா…"

"அப்படியேதான். எங்க வாப்பா காலத்துல இங்க ஒரே பள்ளி. நகரா முரச எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு சண்டை வந்து, பிரிஞ்சு போயி அடுத்த தெருவுல ஒண்ணு கட்டுனாங்க. அவங்களுக்கும் உரிமை இருந்துச்சு, யாரும் கேக்கல. இப்ப மழை பெஞ்சா ரெண்டு கூரையும் ஒழுகுது. ரெண்டு பேரும் கூரைச் சட்டத்துக்கு என் மரவாடிக்குத்தான் வர்றாங்க."

"உங்களுக்கு வியாபாரம்தானே" என்றார் ஹஜரத்.

"வியாபாரம்தான் ஹஜரத். அதனாலதான் சொல்றேன். பிரியிறதுக்கு ஒரு நாள் போதும். அப்பறம் யாரு கூரை மாத்துறது? தம்பி சபர் போயிட்டா அந்தத் தனி நிரலுக்கு மோதினார் யாரு?"

மச்சான் சொல்லும் கொள்கையைப் பல வருடமாகக் கேட்டிருக்கிறேன். அதில் பிரிந்து போகும் உரிமையைப் பற்றி அவர் பெருமையாகத்தான் பேசுவார். அதன் செலவை ஒரு மரக்கடைக்காரர் அரிசி மூட்டையில் சாய்ந்தபடி அவருக்குச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். மச்சான் தலையை ஆட்டினார். "அப்ப என்ன செய்யலாம்?"

"இன்னொரு தடவை எழுதுங்க. அவரு ஏன் வேணாங்கிறாரு? நாம ஏன்னு சொல்லலையே" என்றார் பொருளாளர்.

மச்சான் ஏற்கெனவே ஒரு பதில் எழுதி வைத்திருந்தார். ஆங்கிலம். என்னிடம் நீட்டினார். தொழில் பழக்கத்தில் பேனாவை எடுத்தேன். கோபத்தையெல்லாம் வெட்டியபின் நான்கு வாக்கியம் மிஞ்சியது. அவற்றில் இரண்டு ஒரே விஷயத்தைச் சொல்பவை.

டீச்சரும் எட்டிப் பார்த்தார். "இப்படி எழுதுனா படிக்கவே மாட்டாங்க சார். நான் வேற ஒரு புரோகிராமுக்குக் கோவமா எழுதி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"நீங்களா? எதுக்கு?"

"தமிழ் எழுத்து உடைஞ்சு உடைஞ்சு தெரிஞ்சுது சார். அப்பறம் ஒழுங்கா எழுதுனேன், சரி பண்ணிட்டாங்க."

இவ்வளவு நாள் கூட இருந்தும் மச்சானுக்கு இது தெரியாது. எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார், தானே செய்ததுபோல.

ஏன் என்பதை ஹஜரத் சொன்னார், நான் எழுதினேன். சைரன் ஒன்று, கேட்கிற இடம் பல. ஊருக்குக் கிழக்கே அலையாத்திக் காட்டோரம் வலையோடு இருப்பவருக்கும் கேட்கும். மேற்கே வயலில் வைக்கோல் கட்டுபவருக்கும் கேட்கும். கிழக்கே மறைந்த சூரியன் மேற்கே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். யாருடைய சூரியனும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நிமிடங்கள். விடிகாலையில் இதுவே திரும்பும். இது சூரியக் கணக்கில் திருத்தம் இல்லை, சைரனுக்கான இடைவெளி.

"ஆரம்பத்துல சலாம் போட்டீங்களா?" என்றார் பொருளாளர்.

"இல்ல காக்கா. இந்த மாதிரி இடத்துல நேரா விஷயத்துக்கு வர்றதுதான் வழக்கம்."

"யாரு வழக்கம்? அவரு நம்மாளா?"

"தெரியாது" என்றார் மச்சான். "இதுல அதைக் கேக்கிறதில்ல."

"தெரியாதவருக்குச் சலாம் சொல்லலாமா, ஹஜரத்?"

"தாராளமா. உங்கமேல சமாதானம் உண்டாகட்டும்னு சொல்றதுக்கு ஆள் தெரியணுமா என்ன?"

சலாத்தை மேலே சேர்த்தேன். டீச்சர் தன் மாற்றத்தையும், அதைச் சோதித்துப் பார்த்த விவரத்தையும் இணைத்துத் தன் பெயரிலேயே அனுப்பினார்.

நான் தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டேன். மச்சான் தினமும் போன் செய்தார். பதில் வந்ததா என்று நான் கேட்பதற்குள் வரவில்லை என்று சொல்லிவிடுவார். கொள்முதல் நிலைய வாசலில் நெல் காத்துக்கிடக்கும் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலை, மறுபடி போன் வந்தது. பேசியது பொருளாளர். மச்சானின் போனை வாங்கியிருந்தார்.

"தம்பி, அவரு கேள்வி கேட்டிருக்காரு. சைரன் எவ்வளவு தூரம் கேக்கும்னு."

"என்ன சொன்னீங்க?"

"அதுலதான் இங்க சண்டை. காத்து கிழக்கேருந்து அடிச்சா ஒரு தூரம், மேக்கேருந்து அடிச்சா ஒரு தூரம். ஹஜரத் குறைச்சுச் சொல்றாரு. எழுதுறவர் நீங்க, என்ன போடலாம்?"

"ரெண்டையும் போடுங்க. காத்தையும் போடுங்க."

போட்டார்கள். பிறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. மச்சான் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நீங்கள் சொன்ன பிறகு வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன், நீங்கள் சொல்வது சரி. இதையே வேறொரு ஊர்க்காரர் முன்பு கேட்டு நான் மறுத்துவிட்டேன், அவருக்கும் எழுதுகிறேன். மாற்றத்தைச் சேர்த்துவிட்டேன். கடைசி வரியில் பதில் சலாம் இருந்தது. அவர் யார், எந்த வழி என்று அப்போதும் எங்களுக்குத் தெரியவில்லை. நிரலுக்கு உழைத்தவர்கள் வரிசையில் டீச்சர் பெயர் இருந்தது.

பொருளாளர் அந்தப் பெயரைத்தான் நெடுநேரம் பார்த்தாராம். "அப்ப இவரு சபர் போனாலும் நீங்க இருக்கீங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, மேலும் யோசித்து, "நீங்க வேற ஸ்கூலுக்குப் போயிட்டீங்கன்னா அந்த வெளிநாட்டுக்காரர் இருக்காரு" என்றாராம். பிறகு ஜிப்பாப் பையிலிருந்து சாவியை எடுத்திருக்கிறார். பையிலேயே வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

முதல் நோன்பு திறக்க நான் ஊருக்குப் போனேன். கஞ்சிக் கோப்பைகளோடு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். டிவியில் நொடிகள் இறங்கின. சைரன் ஊதியது. எல்லார் கையும் வாய்க்குப் போனது. மச்சான் மட்டும் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விலாவில் இடித்தேன்.

"மச்சான், நோன்பைத் திறங்க. அது ஓடும்."

பெருநாள் கழித்து அந்த அறையைப் பார்க்கப் போனேன். ஜன்னல்கள் திறந்திருந்தன. இரண்டு மெஷின்களுக்கு உயிர் வரவில்லை, மற்றவை ஓடின. பிள்ளைகள் சத்தமாக இருந்தார்கள். மச்சான் மேசைக்கு அடியில் கிடந்தார், கால் மட்டும் தெரிந்தது. டீச்சர் ஒரு பெண்ணிடம், பிழை எங்கே என்று தான் சொல்லப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைச் செய்தியாக எழுதி ஆசிரியர் குழுவில் கொடுத்தேன். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்தது. மச்சான் அதை வெட்டி வைத்திருக்கிறார். ஐஸ் கம்பெனியை ஏன் சேர்க்கவில்லை என்று இன்னும் கேட்கிறார்.

அன்று நான் அந்தக் கம்ப்யூட்டர் அறையில் நின்றுகொண்டிருந்தபோதே பொருளாளர் வந்தார். வெயிலில் நடந்துவந்த களைப்பு. நேராக டீச்சரிடம் போனார்.

"அம்மா, அவருக்கு இன்னொண்ணு எழுதணும். டிவியில வர்ற அந்தப் பச்சை எழுத்து வெளிப்பள்ளித் தாழ்வாரத்துலேருந்து பாத்தா தெரியல. வயசானவங்க கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறாங்க. வெள்ளையா மாத்த இடம் வைக்கச் சொல்லுங்க."

"நீங்களே எழுதுங்க ஐயா. உக்காருங்க." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பொருளாளர் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். முதல் வரி முடிய நேரமாயிற்று. சலாம் மட்டும்தான் இருந்தது. நான் பின்னால் நிற்பதைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல மட்டும் கை வைக்காதீங்க."